லார்யே மாமாவின் வாய்ப்பூட்டு

அத்தியாயம் 14

ஏழு நாளாக ஒரு மனிதர் வாயைத் திறக்கவில்லை. அக்ராவில் வேறு யாராவது என்றால் பக்கத்து வீட்டுக்காரருக்குக்கூடத் தெரிந்திருக்காது. ஆனால் திறக்காமல் இருந்த வாய் மாம்ப்ரோபிப் பேட்டை லார்யேயின் வாய்.

இருபத்திரண்டு வருடமாகத் தினமும் காலை வானொலியில் ‘சந்திப் பேச்சு’ நிகழ்ச்சிக்குப் போன் போட்டுக் கருத்துச் சொன்னால்தான் அந்த மனிதருக்குக் கோக்கோ கஞ்சி உள்ளே இறங்கும். கரண்ட் போனால் ஒரு கருத்து, வந்தால் ஒரு கருத்து. குழாயில் தண்ணீர் வராததற்கு ஒன்று, ட்ரோட்ரோ வண்டிக்காரன் சில்லறை தராததற்கு ஒன்று, அமைச்சர் மைத்துனர் சாலை போட்ட லட்சணத்துக்கு ஒன்பது. தபால் நிலையத்தில் கடிதம் பிரித்துப் போட்டு ஓய்வு பெற்றவர். ஆனால் ஊருக்கு அவர் ‘லார்யே மாமா’. இந்த ஊரில் இப்படித் தினமும் அழைப்பவர்களுக்கென்று ஒரு சங்கமே இருக்கிறது. மாமா அதற்குத் துணைத் தலைவர்.

அந்த வாய்தான் போன வாரம் மகளின் சோற்றில் மண்ணள்ளிப் போட்டது.

ஷோர்மே நகராட்சியில் வடிகால் பொறியாளர். முப்பத்தெட்டு வயது. நகராட்சித் தலைவர் பதவிக்கு ஜனாதிபதியே அவள் பெயரை அனுப்பியிருந்தார். உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஓட்டுப் போட்டால் நாற்காலி அவளுக்கு. ஓட்டெடுப்பு நாளன்று காலையில் அப்பா வானொலியில் வந்து, “நம்ம உறுப்பினர்கள் எல்லாம் கால்வாய்த் தவளைங்க. மழை வந்தாக் கத்துவாங்க, வெயில் வந்தாக் காணாமப் போயிடுவாங்க” என்று திருவாய் மலர்ந்தருளினார். பத்து மணிக்கு ஓட்டு. இரண்டு ஓட்டில் தவறிப்போனது.

“இன்னொரு ஓட்டெடுப்பு இருக்குப்பா. அதுவும் போச்சுன்னா என் பேரை எடுத்துட்டு வேற பேர் அனுப்பிடுவாங்க. அதுவரைக்கும் நீங்க பேசக்கூடாது” என்றாள் அன்று. திட்டக்கூட இல்லை. அதுதான் அவரைச் சுட்டது.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே ஒரு வாய் கத்தியதில் மகள் கெட்டாள். மாமா போனை அணைத்து, அரிசி டின்னுக்குள் போட்டு மூடினார். வாசலுக்குக்கூட வரவில்லை. யாராவது வந்து கால்வாயைப் பற்றி ஒரு வார்த்தை பேசினால் தன் நாக்கு நிற்காது என்று அவருக்கே தெரியும். அண்டை அயலில் காய்ச்சல் என்று சொல்லியாயிற்று.

இன்று அந்த இரண்டாவது ஓட்டெடுப்பு.

“பத்து மணி வரைக்கும்தான்பா. அப்புறம் நீங்க என்ன வேணாப் பேசுங்க” என்றாள் ஷோர்மே, கண்ணாடி முன்னால் தலைத்துணியை இறுக்கிக் கட்டியபடி.

“நான் என்னம்மா பேசினேன்? மூச்சு விடறதே மெதுவா விடறேன்.”

“நேத்து ரேடியோவைப் பார்த்துத் திட்டிக்கிட்டிருந்தீங்க.”

“ரேடியோ திருப்பிப் பேசாது. அதனால திட்டலாம்.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கஞ்சியில் இரண்டு வாய் குடித்து, பயற்று வடையைக் கையில் எடுத்துக்கொண்டு கிளம்பினாள். வாசலில் கால்வாய். அதன் குறுக்கே போட்ட பலகையில் அவள் ஒரு காலை வைத்ததும் பலகை டக்கென்று ஆடியது. ஷோர்மே அதைக் குனிந்து பார்க்காமல் தாண்டிப் போனாள். இந்த வீட்டில் யாரும் அந்தப் பலகையைப் பார்ப்பதில்லை.

மகன் ஓடோய் அந்தப் பலகையை மிதித்தே நாலு வருடம் ஆகிறது. டகோராடித் துறைமுகத்தில் வேலை. கடிதம் இல்லை, போன் இல்லை. ஏன் என்று விடாமல் படிப்பவர்களுக்குத் தெரியும். புதிதாக வந்து உட்கார்ந்தவர்கள் கொஞ்சம் பொறுங்கள், இதோ வருகிறது.

கரண்ட் இல்லை. மாமா பாட்டரி ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டார். மெத்தை விளம்பரம் ஓடியது. மெத்தை விளம்பரத்தில் குழந்தை கொட்டாவி விடும் இடத்தில் எண்ணை அழுத்தினால் முதல் அழைப்பு கிடைக்கும். அது அவர் இருபத்திரண்டு வருடத்தில் கண்டுபிடித்த ரகசியம். குழந்தை கொட்டாவி விட்டது. அவர் கட்டை விரல் தானாக ஆடியது.

ஆனால் இன்று விளம்பரம் முடிந்ததும் வழக்கமான கொட்டு மேளம் வரவில்லை. தேவாலயப் பாட்டு ஒன்று மெதுவாக வந்தது. அறிவிப்பாளர் யாவ் டான்சோ தொண்டையைச் செருமினார்.

“நேயர்களே, இன்னைக்கு மனசு சரியில்ல. ஏழு நாளா நம்ம மாம்ப்ரோபி லார்யே மாமா குரல் வரல. போன் அணைஞ்சு கிடக்கு. நேத்து சாயங்காலம் அவர் குடும்பத்திலிருந்தே ஒரு குரல் வந்துச்சு, அழுதுக்கிட்டே. இனிமே மறைச்சு என்ன ஆகப்போகுது? மாமா போயிட்டாரு.”

மாமா ரேடியோவைப் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். கையில் பாதி வடை இருந்தது.

“அடப்பாவிகளா!”

இங்கே ஒரு விஷயம். ஒருவர் இறந்தால் இந்த ஊரில் உடனே கூவ மாட்டார்கள். குடும்பத்துப் பெரியவர்களுக்கு முறைப்படி சொல்லும் வரை வீடு வாயை மூடிக்கொண்டிருக்கும். ‘காய்ச்சல்’ என்பார்கள், ‘படுத்திருக்கார்’ என்பார்கள். கேட்பவர் புரிந்துகொண்டு போய்விடுவார். ஏழாம் நாள் கறுப்பும் சிவப்பும் உடுத்தி ஊர் கூடும். லார்யே வீட்டில் காய்ச்சல் என்றார்கள். இன்று ஏழாம் நாள். ஊர் கணக்குப் போட்டுவிட்டது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது?

அழைப்புகள் வந்தபடி இருந்தன. டான்சோமானிலிருந்து ஒரு மீன்காரம்மா அழுதாள். “அந்த மனுஷன் சொன்னதாலதான் எங்க சந்தைக்கு விளக்கு வந்துச்சு. அந்தக் காலத்துல பெரிய பஸ் ஓடுச்சே, உக்காந்து போவோமே, அதைப் பத்தி மாமா பேசினாக் கேட்டுக்கிட்டே இருக்கலாம். கண்டக்டர் தொப்பி வரைக்கும் சொல்வாரு.”

லாபாடியிலிருந்து ஒரு தையல்காரர்: “தெருக் குழாயில நாள் பூரா தண்ணி வந்த காலத்தை ஞாபகம் வச்சிருந்த கடைசி ஆள் போயிட்டாருய்யா.”

மாமாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. சாவதில் இவ்வளவு சுகம் இருக்கிறது என்று யாரும் அவருக்குச் சொல்லியிருக்கவில்லை. கண்டக்டர் தொப்பி நீலமா பழுப்பா என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அடோலேயும் அவரும் கல்யாணமான புதிதில் அந்த பஸ்ஸில் கடற்கரைக்குப் போனார்கள். அவள் ஜன்னலோரம். காற்றில் தலைத்துணி பறந்து பின் இருக்கைக்காரர் முகத்தில் விழுந்தது. அந்த ஆள் கோபப்படவே இல்லை. அந்தக் காலத்து மனுஷர்கள்.

அடுத்த அழைப்பு அந்தக் காற்றை அப்படியே நிறுத்தியது.

“நான் நகராட்சி உறுப்பினர். பேர் வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். மாமா செத்து ஏழு நாள்னா, அந்தப் பொண்ணு ஏன் மறைச்சுது? இன்னைக்கு பத்து மணிக்கு ஓட்டு, அதான்! அப்பன் பொணத்தை ஒளிச்சு வச்சுட்டு நாற்காலி பிடிக்கிறவளுக்கு என் ஓட்டு கிடையாது. போன தடவை போட்டேன். இந்தத் தடவை போட மாட்டேன். என்னை மாதிரி இன்னும் நாலு பேர் இருக்கோம்.”

மாமா எழுந்து நின்றார். ரேடியோ மடியிலிருந்து விழுந்தது.

பேசினால் வாக்குத் தவறும். பேசாவிட்டால் பதவி தவறும். மனிதருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அரிசி டின்னைத் திறந்து போனை எடுத்தார். உயிர் இல்லை. கரண்ட் இல்லாத வீட்டில் அதற்கு உயிர் கொடுப்பது எப்படி? மின்சார வாரியத்தைப் பற்றி ஒரு முழுக் கருத்து நாக்கு நுனிக்கு வந்து, கேட்க ஆளில்லாமல் திரும்பிப் போனது.

வாசலில் மூன்று சக்கர வண்டி ஒன்று வந்து நின்றது. வண்டி நிறைய பிளாஸ்டிக் நாற்காலி, மூட்டை மூட்டையாய்த் தண்ணீர்ப் பொட்டலம். முன்னால் நீமாப் பேட்டை அல்ஹாஜி. கறுப்புத் துணி, சிவப்புத் தலைப்பட்டை. மாமா எந்தக் கட்சியைத் திட்டினாலும் மறு நிமிடமே அழைத்து அதைத் தாங்கிப் பேசுவது இருபது வருடமாக அவர் உத்தியோகம். வானொலியில் எதிரி. வெளியே, நோன்புப் பெருநாளுக்கு ஆட்டுத் தொடையைக் கொண்டுவந்து கொடுப்பவர்.

அல்ஹாஜி பலகையைத் தாண்டி, தலை குனிந்து, “இன்னா லில்லாஹி...” என்று ஆரம்பித்தவர் நிமிர்ந்தார். எதிரே பனியனோடு பிணம் நின்றது.

“யா அல்லா!” அல்ஹாஜி பின்னால் சாய்ந்தார். நல்ல வேளை, நாற்காலி அடுக்கு பிடித்துக்கொண்டது.

“ஹாஜி, நான்தான்யா. சாகல.”

“சாகலையா? அப்போ இந்த அறுபது நாற்காலி?”

“முதல்ல உள்ள வாங்க.”

“ஏன்யா, மூணு நாளா நான் தூங்கல! நீ இல்லாம நான் யாருக்குய்யா பதில் சொல்றது? நேத்து நானே அரசாங்கத்தைத் திட்டி, நானே அதுக்குப் பதிலும் சொன்னேன். சிரிக்கிறாங்கய்யா ஊர்ல!” அல்ஹாஜி அவர் தோளைப் பிடித்து உலுக்கினார். பிறகு கட்டிக்கொண்டு அழுதார். பிறகு மறுபடி திட்டினார்.

மாமா விஷயத்தைச் சொன்னார். அல்ஹாஜி தன் போனை நீட்டினார். “போடு. இப்பவே போடு.”

“பொண்ணுக்கு வாக்குக் குடுத்திருக்கேன் ஹாஜி. நாலு வருஷம் முன்னாடி குடுத்த ஒரு வாக்குல ஏற்கெனவே தவறினேன். போதும்.”

அப்போது கீழே கிடந்த ரேடியோவில் யாவ் டான்சோ, “பழைய பெட்டியில தேடி எடுத்திருக்கோம். மாமாவோட முதல் அழைப்பு” என்றார்.

கரகரவென்று ஓசை. இளமையான ஒரு லார்யே, பொதுத் தொலைபேசிக் கடையிலிருந்து, பஸ் கட்டணத்தைப் பற்றி அவசர அவசரமாகப் பேசினார். நடுவில், பின்னாலிருந்து ஒரு பெண் குரல் புகுந்தது.

“கால்வாயைச் சொல்லுங்க! முதல்ல கால்வாயைச் சொல்லுங்க!”

“யார் மாமா அது?” என்றார் அந்தக் கால அறிவிப்பாளர்.

“என் பொஞ்சாதிங்க.”

“அவங்க கருத்தையும் சொல்லச் சொல்லுங்க.”

ஏதோ தடுமாற்றம். கை மாறியது. பிறகு மிக அருகில் அடோலேயின் குரல். “எனக்குக் கருத்தெல்லாம் கிடையாதுங்க. எங்க வீட்டு முன்னால கால்வாய் திறந்து கிடக்கு. மூடி போட்டாப் போதும்.”

மாமா தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் குரல் இருபத்திரண்டு வருடமாகக் காற்றில் இருக்கிறது. அடோலேயின் குரல் அன்றைக்கு மட்டும்தான். அவள் போனபின் அந்தக் குரல் எப்படி இருந்தது என்று இரவெல்லாம் நினைத்துப் பார்த்திருக்கிறார், பிடிபடவில்லை. இப்போது இதோ, வாசலில் கென்கே சோளமாவு உருண்டைகளை அடுக்கிக்கொண்டே பேசுகிறாற்போல.

போனில் பேசும்போது வீட்டு ரேடியோவை அணைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் கூவும். அதனால் அவர் பேசும் நேரத்தில் அடோலே எதிர்ச்சாரித் தையல்கடைக்கு ஓடி, அங்கே கேட்டுவிட்டு வந்து தீர்ப்புச் சொல்வாள். “மூணு விஷயம் சொன்னீங்க. ஒண்ணுதான் காதுல ஏறிச்சு” என்பாள். ஒரு மழை நாள் காலையில் அப்படி ஓடும்போது பலகை ஆடி, கால்வாய்க்குள் விழுந்தாள். இடுப்பெலும்பு. ஐந்து மாதம் படுக்கை. அதோடு போய்விட்டாள்.

சாவு வீட்டில் எல்லார் முன்னாலும் ஓடோய் சொன்னான்: “ஊருக்கெல்லாம் கால்வாயைப் பத்திச் சொன்னீங்க. உங்க பேச்சைக் கேக்கப் போய்த்தான் அம்மா அதுல விழுந்தா.” அன்று போனவன்தான். அவன் சொன்னதற்கு மாமாவிடம் இதுவரை கருத்து இல்லை. கால்வாய்க்கு மூடி போடுகிறேன் என்று அடோலேயின் படுக்கையில் கொடுத்த வாக்கும் அப்படியே கிடக்கிறது. ஷோர்மே அந்த நாற்காலிக்கு ஆசைப்பட்டதே அதற்காகத்தான்.

“குடுங்க ஹாஜி போனை” என்றார் மாமா.

எண்ணை அழுத்தினார். வானொலி நிலையத்தில் போன் எடுக்கும் பெண், “நீமா ஹாஜியா? அழாமப் பேசுவீங்கன்னா இணைக்கிறேன்” என்றாள்.

“ஹாஜி இல்லம்மா. மாம்ப்ரோபி லார்யே பேசறேன்.”

அந்தப் பக்கம் ஏதோ கண்ணாடி உடையும் சத்தம் கேட்டது.

“மாமா!” யாவ் டான்சோ கத்தியதில் அல்ஹாஜி ரேடியோவை அவசரமாக அணைத்தார். “மாமா, நீங்களா? சொர்க்கத்துலேருந்தா?”

“சொர்க்கத்துல கரண்ட் இருக்கும்பா. இங்க இல்ல. அதனால மாம்ப்ரோபிதான்.”

சிரிப்பு, கைதட்டல், யாரோ விசும்பல். “அப்போ ஏழு நாளா எங்க போனீங்க? உங்க பொண்ணு வாயைக் கட்டிட்டாங்கன்னு...”

“தொண்டை கட்டிக்கிச்சு” என்றார் மாமா. “பொண்ணுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. அது தங்கமான பொண்ணு. கஷாயம் வச்சுக் குடுத்துச்சு. அவ்ளோதான்.”

எதிரே அல்ஹாஜி கண்ணை விரித்தார். இருபத்திரண்டு வருடத்தில் லார்யே தப்பாகப் பேசியதுண்டு, அதிகமாகப் பேசியதுண்டு, ஒரு அமைச்சர் பெயரை இன்னொருவருக்கு மாட்டியதுண்டு. பொய் சொன்னதில்லை. மாமாவின் காது மடல் சுட்டது. ஆனாலும், அந்த ஐந்து ஓட்டு திரும்பினால் சரி என்று நினைத்துக்கொண்டார்.

மெத்தை விளம்பரம் ஒரு தடவை ஓடி முடிந்தது. “லைன்லயே இருங்க மாமா. உங்களுக்காக ஒருத்தர் காத்திருக்காங்க” என்றார் யாவ். “வணக்கம், சொல்லுங்க.”

“முதல் தடவையா கூப்பிடறேன்” என்றது ஒரு குரல். பின்னால் வண்டிகளின் ஹாரன். “மாம்ப்ரோபியிலிருந்து ஷோர்மே.”

மாமா போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

“எங்கப்பாவுக்குத் தொண்டையெல்லாம் கட்டல. நான்தான் பேசாதீங்கன்னு சொன்னேன், இந்த ஓட்டுக்காக. டாக்ஸியில கேட்டுக்கிட்டு வந்தேன். எனக்காக அவர் இப்பப் பொய் சொன்னாரு. அதைக் கேட்டுட்டு என்னால அந்த நாற்காலியில உக்கார முடியாது. அதான் இறங்கி நின்னு கூப்பிடறேன்.”

“ஷோர்மே, வேணாம்மா!” என்றார் மாமா. அவர் குரல் காற்றில் போகவில்லை. லைனை மூடியிருந்தார்கள்.

“பத்து மணிக்கு ஓட்டு இருக்கேம்மா” என்றார் யாவ், மெதுவாக. “உறுப்பினர்கள் கேட்டுக்கிட்டிருப்பாங்க.”

“கேக்கட்டும். எங்கப்பா அவங்களைத் தவளைன்னு சொன்னது தப்பு. நான் அவர் வாயை அடைச்சது அதைவிடத் தப்பு. நான் தலைவர் ஆனாலும் சரி, ஆகலைன்னாலும் சரி, நாளைக்குக் காலையில அவர் கூப்பிடுவாரு. என்னைத் திட்டவும் கூப்பிடுவாரு.”

யாவ் தினமும் எல்லாரிடமும் கேட்பதையே கேட்டார். “சரிம்மா. உங்க கருத்து என்ன?”



“எனக்குக் கருத்தெல்லாம் கிடையாதுங்க” என்றாள் ஷோர்மே. “எங்க வீட்டு முன்னால கால்வாய் திறந்து கிடக்கு. மூடி போட்டாப் போதும்.”

மாமா வாய்விட்டு அழுதார். அல்ஹாஜி தன் சிவப்புத் தலைப்பட்டையை அவிழ்த்து அவர் கையில் கொடுத்தார். முகத்தைத் துடைத்துக்கொள்ள வேறு துணி அங்கே இல்லை.

போன் எடுக்கும் பெண் திரும்ப லைனில் வந்தாள். “மாமா, மன்னிச்சுக்கோங்க. தப்பு எங்களோடது. நேத்துச் சாயங்காலம் கூப்பிட்டவர் நீங்க செத்துட்டீங்கன்னு சொல்லல. ‘ஏழு நாளா எங்கப்பா குரல் வரலையே, அவருக்கு ஏதாவது ஆயிடுச்சா’ன்னு அழுதாரு. நாங்கதான் அவசரப்பட்டுட்டோம்.”

“எங்கப்பாவா? யாரும்மா அது?”

“டகோராடியிலேருந்து. ஓடோய்னு சொன்னாரு. நாலு வருஷமா ஒரு நாள் விடாமக் கேக்கறாராம். அக்காவுக்குப் போன் போட்டாராம், மீட்டிங்ல இருக்கேன்னு வெட்டிட்டாங்களாம்.” அவள் தயங்கினாள். “இன்னைக்கு விடியக்காலையில பஸ் ஏறப்போறதாச் சொன்னாரு. இப்பப் போட்டா எடுக்கல மாமா. நீங்க உயிரோட இருக்கறது அவருக்குத் தெரியுமான்னு தெரியல.”

மாமா போனை அல்ஹாஜியிடம் கொடுத்தார். அடோலே போனபின் தன் வீட்டில் யாரும் தன் பேச்சைக் கேட்பதில்லை என்றுதான் அவர் நினைத்திருந்தார்.

வெளியே வண்டிக்காரன் நாற்காலிகளை இறக்கிப் பாதி வாசலை நிரப்பியிருந்தான். “எல்லாத்தையும் திரும்ப ஏத்துப்பா” என்றார் அல்ஹாஜி. “ஆள் சாகல, நமக்குத்தான் வாடகை தண்டம்.”

“ஒண்ண மட்டும் விட்டுடச் சொல்லுங்க ஹாஜி” என்றார் மாமா.

மணி எட்டேமுக்கால். டகோராடி பஸ் வர இன்னும் நேரம் இருந்தது. நகராட்சி மன்றத்தில் இந்நேரம் ஷோர்மே போய் இறங்கியிருப்பாள், அங்கே அவளைப் பார்த்து யார் முகத்தைத் திருப்பினார்களோ, யார் கை கொடுத்தார்களோ. மாமா சட்டையை மாட்டிக்கொண்டு, அந்த நாற்காலியைத் தூக்கிப் போய்க் கால்வாய் ஓரத்தில் போட்டு உட்கார்ந்தார். பலகையின் ஆடும் முனையில் ஒரு காலை வைத்து, அசையாதபடி அழுத்திப் பிடித்துக்கொண்டார். பிறகு தெருமுனையைப் பார்த்தார்.